ஒன்பதாவது நிபந்தனை

திருச்செங்கோடு
19.4.2025

மதிப்பிற்குரிய கௌசியா மேடம் அவர்களுக்கு, வணக்கம்.

நேற்று போனில் கேட்டதற்கு, கடிதமாக எழுதிக் கொடுத்தால்தான் ஆளை வெளியே அனுப்புவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள். கடிதம் எழுதிப் பல வருஷமாச்சுங்க. எங்கள் போர்வெல் ரிக் வண்டி நோட்டில் இன்றைக்கு எத்தனை அடி போர் போட்டோம் என்று எழுதுவதோடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். வருகிற 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சங்ககிரிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் முனியப்பன் கோயிலில் கிடாவெட்டு. பங்காளிகள் முந்நூறு பேருக்குக் குறையாமல் கூடுவார்கள். எங்களுடையது மூத்த குடும்பம் என்பதால் முதல் பானையில் என் அப்பா கந்தப்பன்தான் அரிசி போட வேண்டும். போன வருஷம் அவர் வரவில்லை. "ஏனுங்க, பெரியவரு எங்கீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். இந்த வருஷமும் பதில் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

காலை எட்டு மணிக்கு நானே காரில் வந்து கூட்டிப்போய் சாயங்காலம் ஆறு மணிக்குள் கொண்டுவந்து விடுகிறேன். பெத்த அப்பாவைக் கூட்டிப்போக நான் லெட்டர் எழுதுவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, உங்கள் சட்டம் அப்படி.

இப்படிக்கு,
க. தனபால்


அஜீஸுன்னிசா நினைவு முதியோர் இல்லம்
ஆட்டையாம்பட்டி
21.4.2025

திரு. தனபால் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு மாதிரியாக இருந்தால் இருக்கட்டும். போனில் "பாத்துக்கறோம் மேடம்" என்று சொல்லி அம்மாவைக் கூட்டிப்போன ஒரு மகள், தீபாவளிக்கு மறுநாள் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டிய நிலையில் கொண்டுவந்து விட்டாள். கேட்டால், "நீங்க ஒண்ணும் சொல்லவே இல்லியே" என்றாள். அன்றோடு வாய்ப்பேச்சு இங்கே செல்லாது என்று ஆக்கிவிட்டேன்.

உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷத்தில் எட்டு மாதம் நீங்கள் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பதினான்கு மாதமாக அவர் எங்களோடு இருக்கிறார். கேட் திறந்திருந்தால் லாரி எடுக்கக் கிளம்பிவிடுவார். முப்பது வருஷம் ஓட்டிய கை. "லோடு ஏத்தியாச்சு, கிளீனர் எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார். கையைப் பிடித்தால் நிற்பார், பிடிக்காவிட்டால் நிற்க மாட்டார். சர்க்கரையால் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. சூடு தெரியாது, முள் தெரியாது. ஆகவே செருப்பைக் கழற்றவே கூடாது. கோயிலுக்குள் சாமி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டு நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து வேண்டும். அதில் இரண்டைத் தனியாகச் சொல்கிறேன். எங்கள் உதவியாளர் வீரன் கூடவே வருவார். அப்பாவின் சட்டைப் பைக்கு மேலே தைத்திருக்கும் துணிப்பட்டை அப்படியே இருக்க வேண்டும். அதில் அவர் பெயரும் இல்லத்தின் பெயரும் என் போன் நம்பரும் இருக்கின்றன.

கௌசியா
பொறுப்பாளர்


திருச்செங்கோடு
23.4.2025

மேடம் அவர்களுக்கு,

ஏழு நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீரனைக் கூட அனுப்புவது மட்டும் வேண்டாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லத்தில் இருப்பது எங்கள் பங்காளிகளுக்குத் தெரியாது. கோயமுத்தூரில் என் தங்கச்சி சாரதாமணி வீட்டில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறோம். வீரன் பக்கத்திலேயே நின்றால், "இந்த ஆளு யாருங்க?" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல? கிடாவெட்டில் பந்தி முழுக்க இதே பேச்சாகிவிடும். உங்களுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது.

நான் இருக்கிறேன், என் வீட்டுக்காரி மோகனப்பிரியா இருக்கிறாள், என் மகள் கனிஷ்கா பெங்களூரிலிருந்து வருகிறாள். மூன்று பேருக்கு ஒரு பெரிய மனுசனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதுங்களா?

தனபால்


ஆட்டையாம்பட்டி
24.4.2025

திரு. தனபால் அவர்களுக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கிடாவெட்டு என்று வீரன் வாய்விட்டதிலிருந்து உங்கள் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேற்றே முகச்சவரம் பண்ணச் சொல்லி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் என்னிடம் தானாகக் கேட்ட முதல் காரியம் அது. இன்னொரு பக்கம், இங்கே இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், வீரனை அனுப்பினால் எனக்கும் ஆள் இல்லை.

அதனால் அனுப்புகிறேன். மனசில்லாமல்தான் அனுப்புகிறேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். பட்டையை எடுக்காதீர்கள். கையை விடாதீர்கள். ஒரு நிமிஷம் ஆளைக் காணவில்லை என்றாலும் முதல் போன் எனக்கு வர வேண்டும்.

கௌசியா


ஆட்டையாம்பட்டி
30.4.2025

தனபால் சார்,

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றேகால் மணிக்கு நான் உங்களைக் கூப்பிட்டேன். "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டேன். "இங்கதானுங்க மேடம் இருக்காரு, இப்பத்தான் சாப்ட்டு உக்காந்தாரு" என்று சொன்னீர்கள். நீங்கள் அதைச் சொன்னபோது நான் சங்ககிரி பைபாஸில் ஒரு லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் அப்பா அந்த லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதத்திலும் தோல் வழன்று, ரத்தம் கிளட்ச் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. "போலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அல்லாவே, ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வருமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அவரை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது நீங்கள் இல்லை. ராசிபுரத்து லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தன் சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். ஊர் கேட்டால் தெரியவில்லை, மகன் பெயர் கேட்டால் தெரியவில்லை. "கௌசியாகிட்டச் சொல்லிப்போடுங்க, சோத்துக்கு நேரமாவும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த டிரைவர் புத்திசாலி. போட்டோ எடுத்து, கௌசியா என்று ஒரு பெயர் சொல்கிறார் என எழுதி, லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் இருந்த ஒருவரின் அம்மா முன்பு எங்கள் இல்லத்தில் இருந்தவர். அப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது.

அவர் சட்டையில் பட்டை இல்லை. சட்டையே வேறு. புதுப் பட்டுச் சட்டை.

மூன்று கிலோமீட்டர், சித்திரை வெயில், தார் ரோடு, வெறுங்கால். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். வலது கால் விரல்களைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்து பார்த்துவிட்டு என்னைச் சந்திக்காமலே போனதாக வீரன் சொன்னார்.

கௌசியா


திருச்செங்கோடு
6.5.2025

வார்டன் மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது உங்களுக்குத் திருப்தியா?

நான் வேண்டுமென்றா விட்டேன்? பந்தி போடும் நேரம். வருகிறவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று கும்பிட வேண்டியிருந்தது. அப்பாவை மரத்தடியில் சேரில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். கனிஷ்கா தண்ணி எடுக்கப் போன நேரத்தில் எழுந்துவிட்டார். அது நடக்கக்கூடியதுதானே? உங்கள் இல்லத்தில் ஒரு தடவைகூட கேட் திறந்திருந்ததில்லையா?

பட்டையைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். அந்தச் சட்டையை மாற்றினதும் செருப்பைக் கழற்றச் சொன்னதும் நான்தான். மூத்த குடும்பத்துக் கவுண்டர் முனியப்பன் பானைக்கு அரிசி போட வந்து நிற்கிறார், நெஞ்சில் ஒரு பாய் வீட்டு அம்மா பேர் தைத்திருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களைக் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் கோயில், எங்கள் முறை.

வீரனை அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நீங்கள் பிடிவாதமாக நின்றிருக்கலாமே? ஆள் இல்லை என்று நீங்கள்தான் விட்டீர்கள். தப்பு என் ஒருவன் தலையில் மட்டும் விழ வேண்டுமா?

வேறு இல்லம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தனபால்


ஆட்டையாம்பட்டி
10.5.2025

தனபால் சார்,

வேறு இல்லம் தாராளமாகப் பாருங்கள். ஈரோட்டிலிருந்து ஒன்று, நாமக்கல்லிலிருந்து ஒன்று, இரண்டிலிருந்தும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்து போய்விடுவார் என்று உண்மையைச் சொன்னேன். இரண்டு பேரும் அப்புறம் பேசுகிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

அஜீஸுன்னிசா எங்கள் நிர்வாகி சைபுல்லா பாயின் அம்மா. அந்த அம்மா பெயரைச் சட்டையில் தைத்துக்கொண்டு இங்கே நாற்பது பேர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்று சரி. நான் விட்டேன். அதை நான் மறைக்கப்போவதில்லை. இருபத்தி நாலாம் தேதிக் கடிதத்தின் நகல் என் மேஜை மேல்தான் இருக்கிறது. தினம் கண்ணில் படட்டும் என்று கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆள் இல்லை என்று எழுதிய அந்தக் கையை என்ன செய்வது?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த ராசிபுரத்து டிரைவர் சொன்னார், கோயில் மைக் பைபாஸ் வரைக்கும் கேட்டதாம். வெள்ளைக் காரை வழியிலிருந்து எடுக்கச் சொல்லி அறிவித்தார்களாம். ஒரு சாவிக்கொத்து காணவில்லை என்று மூன்று தடவை அறிவித்தார்களாம். உங்கள் அப்பா பன்னிரண்டு மணிக்குக் காணாமல் போனார். மூன்றேகால் வரைக்கும் அந்த மைக்கில் அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. முந்நூறு பேர் இருந்தார்கள். ஆளுக்கு நூறு அடி நடந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருக்கலாம்.

ஏன்?

கௌசியா


சேலம்
2.6.2025

கௌசியாம்மாவுக்கு,

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று காலை வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நீங்கள் நேற்றே வந்து கையெழுத்து எல்லாம் சரிபார்த்துவிட்டுப் போனதாக நர்ஸ் சொன்னாள். அப்பா முழித்ததும், "டயரு மாத்தியாச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார். மாத்தியாச்சுங்க என்று சொன்னேன்.

மைக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று வாரமாக அந்த ஒரு வார்த்தைதான் காதில் குடைகிறது.

மைக் செட்டுக்காரன் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு தடவை போனேன். அவன் மைக்கை என் கையில் கொடுத்தே விட்டான். "சொல்லுங்கண்ணா" என்றான். எதிரில் முதல் பந்தியில் என் சித்தப்பா மகன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் அம்மாவை இல்லத்தில் சேர்த்தான். அதே கோயிலில், அதே கிடாவெட்டில், நான் எல்லோர் முன்னாலும் அவனைப் பார்த்து, "பெத்தவளுக்குச் சோறு போட வக்கில்லாத நாயி, எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பந்தில உக்காந்த?" என்று கேட்டேன். அவன் எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் கோயிலுக்கே வரவில்லை. அந்த அம்மா செத்ததற்கும் நான் போகவில்லை.

அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, காணவில்லை, தேடுங்கள் என்று மைக்கில் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? எப்போதிருந்து ஞாபகம் இல்லை, யார் பார்த்துக்கொண்டார்கள், எங்கே இருந்தார்? அவன் இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். சாவிக்கொத்து காணவில்லை என்று சொன்னது நான்தானுங்க. மைக்கைக் கையில் வாங்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுக்க முடியவில்லை. வாயில் வந்தது அதுதான். என் பாக்கெட்டில் சாவி இருந்தது.

அப்புறம் நானும் மோகனப்பிரியாவும் தனித்தனியாகத் தேடினோம். கனிஷ்காவை அழாதே என்று மிரட்டிக் காரில் உட்கார வைத்தேன். நீங்கள் போன் பண்ணியபோது நான் கோயிலுக்குப் பின்னால் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு இல்லம் பார்க்கவில்லை. அவர் உங்களிடமே இருக்கட்டும்.

தனபால்


ஆட்டையாம்பட்டி
9.6.2025

தனபால் அவர்களுக்கு,

படித்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

அப்பா இனி சக்கர நாற்காலியில்தான். அதை வண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வீரன் தள்ளினால் ஹாரன் அடிக்கிறார்.

கௌசியா


திருச்செங்கோடு
18.8.2025

கௌசியாம்மாவுக்கு வணக்கம்.

கனிஷ்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. செப்டம்பர் 4, வியாழக்கிழமை, திருச்செங்கோட்டில் முகூர்த்தம். பத்திரிகை வைத்திருக்கிறேன். முதல் பெயரே அப்பாவுடையதுதான் போட்டிருக்கிறோம்.

"அரிசி போட அப்பாரு வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று கனிஷ்கா சொல்லிவிட்டாள். தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயசில் அவளை லாரி கேபினில் வைத்துக்கொண்டுதான் அப்பா பவானி வரைக்கும் போய் வருவார். அவர் காணாமல் போனது தன்னால்தான், தண்ணி எடுக்கப் போனதால்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

உங்கள் நிபந்தனை எதுவாக இருந்தாலும் சரி. கூட்டியோ குறைத்தோ பேச மாட்டேன். அனுப்பிவைக்க வேண்டும்.

தனபால்


ஆட்டையாம்பட்டி
21.8.2025

தனபால் அவர்களுக்கு,

மாட்டேன் என்றுதான் சைபுல்லா பாயிடம் சொன்னேன். "பேத்தி கல்யாணத்துக்குப் போகாதேன்னு சொல்ல நாம யாரும்மா? பத்திரமா அனுப்பி வை" என்றார். சரி, பத்திரமாகவே அனுப்புகிறேன்.

அவருக்கு எடுத்த புதுச் சட்டையை ஒரு வாரம் முன்னதாக இங்கே கொடுத்துவிடுங்கள். பட்டையை நானே தைப்பேன், பிரித்தால் துணி கிழியும்படி தைப்பேன். வீரன் கூடவே இருப்பார், நாற்காலியின் கைப்பிடியை விட மாட்டார். எங்கள் வேனில்தான் போவார், எங்கள் வேனில்தான் வருவார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு வேண்டும், பந்திக்குக் காத்திருக்கக்கூடாது. அடுப்பு, புகை, வெயில் பக்கம் கூடாது. கூட்டத்தின் நெருக்கடியில் அவரை விடக்கூடாது. புண் இன்னும் முழுதாக ஆறவில்லை, யாராவது மிதித்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான். படுத்து எழ மண்டபத்தின் கீழ்த்தளத்தில் அவருக்கென்று ஒரு அறை வேண்டும்.

இதெல்லாம் படிவத்தில் இருக்கிறது. படிவத்தில் இல்லாத ஒன்று, அவர் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது. அதை நான் எழுதி வாங்க முடியாது.

கௌசியா


திருச்செங்கோடு
25.8.2025

கௌசியாம்மாவுக்கு,

எட்டுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சட்டையை மோகனப்பிரியா கொண்டுவந்து தருவாள். கீழ்த்தளத்தில் ஏசி அறையே சொல்லிவிட்டேன்.

கேட்டவர்களுக்கு என் வாயாலேயே சொல்கிறேன். சம்பந்தி வீட்டாரிடமும் சொல்கிறேன். ஆட்டையாம்பட்டியில் இல்லத்தில் இருக்கிறார், நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே? நாலு வார்த்தை. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

தனபால்


ஆட்டையாம்பட்டி
6.9.2025

தனபால் அவர்களுக்கு,

உங்கள் அப்பா வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பத்திரமாகத் திரும்பி வந்தார். சர்க்கரை நூற்றி நாற்பது. காலில் கட்டு அவிழவில்லை. ஊசி நேரத்துக்குப் போடப்பட்டது, சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பட்டை இருந்தது. வீரன் கைப்பிடியை விடவில்லை. எட்டு நிபந்தனையையும் நீங்கள் நிறைவேற்றியிருக்கிறீர்கள். படிவத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இந்த இல்லம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு ஒழுங்காக நடந்த வெளிப்பயணம் வேறு கிடையாது.

பின் வாசல் வழியாக வேனை வரச் சொன்னீர்களாம். கூட்டத்தில் இடிபடக்கூடாது என்றீர்களாம். நான் எழுதியதுதான். நேரே அந்த ஏசி அறைக்குக் கூட்டிப்போய், "சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடியே உக்காந்திருக்காங்க, கூட்டம் கொறையட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வீரனிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்களாம். அதற்கப்புறம் நீங்கள் வரவில்லை.

மேளம் வேகமாக அடிக்க ஆரம்பித்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்திருக்கிறார். வீரன் எனக்குப் போன் பண்ணினார். "மேடம், தாலி கட்டப் போறாங்க போலிருக்கு, நானே தள்ளிட்டுப் போவட்டுமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கூட்டமா இருந்தா வேண்டாம் வீரா, மகன் வருவார், அவர் வந்து கூப்பிடட்டும்" என்றேன். கால் புண்ணை நினைத்துச் சொன்னேன். இரண்டாவது தடவையும் நானே தப்புப் பண்ணினேன். முதல் தடவை ஆளை விட்டேன், இந்தத் தடவை ஆளைப் பிடித்து வைத்தேன்.

அட்சதைத் தட்டு கொண்டுபோன ஒரு பெண், யார் என்று தெரியாது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, நீங்களும் போடுங்க" என்று ஒரு பிடி மஞ்சளரிசியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கெட்டிமேளம் முடிந்தது. அரிசி கையிலேயே இருந்தது. வீரன் கேட்டதற்கு, "பொண்ணு வரட்டும்" என்றாராம். சாப்பாடு வந்தபோது கையைத் திறக்கவில்லை, வீரன்தான் ஊட்டியிருக்கிறார். வேனிலும் திறக்கவில்லை. பொண்ணு மாப்பிள்ளை பதினொன்றரைக்கே நல்ல நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டதாக மண்டபத்துக் காவலாளி சொன்ன பிறகுதான் வீரன் வேனை எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் சர்க்கரை பார்க்க அந்தக் கையைக் கேட்டேன். "பொண்ணுங்களா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். விரலைப் பிரித்தார். வியர்வையில் அரிசி ஊறி உள்ளங்கையெல்லாம் மஞ்சளாகியிருந்தது. பாதியை என் முக்காட்டின் மேல் போட்டு, "நல்லா இருக்கோணும் சாமி" என்றார். ஐம்பது வயசில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே புருஷனை அடக்கம் பண்ணியவளுக்குக் கல்யாண ஆசீர்வாதம். அழுதேன். எதற்கு மறைக்க?

படிவத்தை அன்றைக்கே மாற்றிவிட்டேன். ஒன்பதாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "அழைத்துச் செல்பவர் இவரை எல்லோர் கண்ணிலும் படும்படி, தன் ஆட்கள் நடுவில், தன் அப்பா அல்லது அம்மா என்று சொல்லி உட்கார வைப்பார்." முதல் தடவை இந்த வரி இருந்திருந்தால் அவருக்கு விரல்கள் இருந்திருக்கும். ஒரு பட்டையைவிட முந்நூறு பேரின் கண் நல்ல காவல் என்பது பதினோரு வருஷம் இந்த வேலை பார்த்த எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மீதிப் பாதி அரிசியைத் துண்டுத்தாளில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அது கனிஷ்காவுடையது. கொடுத்துவிடுங்கள்.

கௌசியா


திருச்செங்கோடு
17.9.2025

கௌசியாம்மாவுக்கு,

அரிசி வந்து சேர்ந்தது.

சொல்லத்தான் போனேன். சம்பந்தி பக்கத்தில் வந்து நின்று, "உங்க அப்பா வரலீங்களா?" என்று கேட்டார். அந்த நாலு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதே சித்தப்பா மகன் பன்னீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றான். "முடியலீங்க, டாக்டர் அனுப்பல" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகு எப்படி அவரை வெளியே கூட்டிவருவது?

மணையில் உட்காரும் முன்னால் கனிஷ்காவும் கேட்டாள். அவளிடமும் அவள் அம்மாவிடமும் அதையே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது அடி தள்ளி அந்த அறையின் கதவு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

போன ஞாயிறு மாப்பிள்ளையோடு விருந்துக்கு வந்தாள். பொட்டலம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. கொடுத்தால் அப்பாரு அன்றைக்கு எங்கே இருந்தார் என்று கேட்பாள்.

சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உங்கள் புதுப் படிவம் ஒன்று அனுப்பினீர்கள் என்றால் அதையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போட இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

தனபால்